புகை யார் கணக்கில்?

அத்திப்பட்டுப் புதுநகரில் பள்ளி இறுதி வகுப்பில் பயிலும் அன்பு மாணவிக்கு,

புவி சூடாவதற்கு மனித குலம் முழுவதும் காரணம் என்று சொல்லப்படுவது பிழையன்று; ஆயினும் அது முழு உண்மையும் அன்று. நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது எழும் கரியமில வாயு நூறாண்டுகளுக்கும் மேலாக வானில் தங்கி, தரையிலிருந்து திரும்பும் வெப்பத்தைப் பிடித்து வைப்பதால், இன்று எரிப்பவர் யார் என்பதோடு, நேற்றுவரை எரித்துச் சேர்த்தவர் யார் என்பதும் கணக்கில் வர வேண்டும். இன்றைய கணக்கிலேயே ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சராசரியாக 14 டன் அளவில் வெளியிட, ஓர் இந்தியர் 2 டன் அளவே வெளியிடுகிறார். 1992இல் உருவான ஐ.நா. காலநிலை உடன்படிக்கை ‘பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்புகள்’ என்னும் நெறியை ஏற்றதற்கு இத்தகைய ஏற்றத்தாழ்வே அடிப்படை. சுமை எல்லாருக்கும் உண்டு, ஆனால் அதிகம் எரித்தவரும் அதிகம் உடையவரும் அதிகம் சுமக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

அதற்கு ஓராண்டு முன்பே, 1991இல், சூழலியலாளர்களான அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் தில்லியிலிருந்து வெளியிட்ட சிறுநூல் ஒன்று, ஏழை உழவரின் நெல்வயலிலிருந்து எழும் மீத்தேன் வாயுவையும் செல்வ நாட்டுக் கார்களின் புகையையும் ஒரே தராசில் நிறுப்பது அநீதி என்று வாதிட்டது. உயிர் வாழ்வதற்கான புகை வேறு, சொகுசுக்கான புகை வேறு என்னும் இந்தப் பாகுபாடு நாடுகளுக்கிடையே மட்டுமன்றி நாட்டுக்குள்ளும் செல்லுபடியாக வேண்டும். இந்தியா உலக அரங்கில் தன் ஏழைகளைக் காட்டி நியாயம் கேட்கும்போது, அந்த ஏழைகளின் குறைந்த அளவு உள்நாட்டுச் செல்வரின் மிகுந்த அளவைச் சராசரிக்குள் மறைத்துவிடுகிறது.

அந்தச் சராசரியைப் பிரித்துப் பார்க்க அத்திப்பட்டைவிடப் பொருத்தமான ஊர் அரிது. அங்குள்ள வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் நிலை 630 மெகாவாட், இரண்டாம் நிலை 1,200 மெகாவாட். அருகிலுள்ள வல்லூர் நிலையம் 1,500 மெகாவாட். முதன்மையாக அனல் மின் நிலக்கரியை இறக்குவதற்கென்றே எண்ணூர்த் துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டது. அதுவே இன்றைய காமராஜர் துறைமுகம். நிலக்கரியிலிருந்து ஒரு யூனிட் மின்சாரம் பிறக்கையில் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. 75 வாட் மின்விசிறி எட்டு மணி நேரம் சுழன்றால் முக்கால் யூனிட்கூட ஆகாது; ஒரு படுக்கையறைக் குளிரூட்டி அதே இரவில் எட்டு யூனிட் அளவுக்கு இழுத்துவிடும். தமிழகத்தில் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அந்த ஒற்றைக் குளிரூட்டி அதைப் பன்னிரண்டு, பதின்மூன்று இரவுகளில் தீர்த்துவிடும். ஆயினும் புகை எழும் இடத்தை வைத்துக் கணக்கிடுவோர் அந்தப் புகையை அத்திப்பட்டின் பேரிலேயே எழுதுகிறார்கள். மின்சாரத்தைத் துய்த்தவரின் பெயர் ஏட்டில் ஏறுவதில்லை.

கரியமில வாயுவாவது உலகெங்கும் பரவுகிறது, சாம்பல் பரவுவதில்லை. இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் சாம்பலாகவே எஞ்சுவதால், அது நீரில் கரைக்கப்பட்டுக் குழாய்கள் வழியே செப்பாக்கத்துச் சாம்பல் குளத்திற்குச் செலுத்தப்படுகிறது. அக்குழாய்கள் கசிந்த இடங்களிலெல்லாம் சாம்பல் சேறாகி, கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்து, ஆற்றின் ஆழத்தைக் குறைத்திருக்கிறது. பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் அமர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்போருக்கு அந்தச் சேறே நிலம். அவர்கள் விரல்களில் இன்று தட்டுப்படுவது சாம்பல். காட்டுக்குப்பம் முதலிய மீனவக் குப்பங்களின் நீண்ட போராட்டத்திற்குப் பின், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022இல் இக்கழிமுகத்தைச் சீரமைக்க ஆணையிட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்துவந்த எண்ணெய், அதே மக்களின் படகுகளையும் வலைகளையும் கருப்பாக்கியது. குறைவாக எரித்தவர் முன்வரிசையில் நின்று அடிபடுகிறார் என்பதே இவ்வூரின் வரலாறு.

மின்சாரம் ஏழைக்கும் வேண்டாமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டும், இன்னும் கூடுதலாகவே வேண்டும். ஒரு விளக்கும் ஒரு விசிறியும் உள்ள வீட்டுப் பிள்ளையிடம் விளக்கை அணைத்துப் புவியைக் காப்பாற்று என்று போதிப்பதுதான் தகாதது. அந்தப் போதனை சென்று சேர வேண்டிய வீடுகள் வேறு. உன் வீட்டு மின்கணக்கீட்டு அட்டையை எடுத்து, இரு மாத யூனிட்டை வீட்டிலுள்ளோர் எண்ணிக்கையால் வகுத்துப் பார். புவி வெப்பம் பற்றி வகுப்பில் பேச்சு எழும் நாளில் அந்த எண்ணை எழுந்து நின்று சொல்.