வீடு நமது, மண் யாருடையது?



நம் பிள்ளைகளில் சிலர் அமெரிக்காவில் குடும்பத்தோடு வாழ்கிறார்கள். அங்கிருந்து பெற்றோருக்கு வரும் அழைப்புகளில் இப்போது ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "வாப்பா, இங்கே ஒரு சாதாரண வீடே நாலு லட்சம் டாலர். வட்டிக் கடன் இல்லாமல் நடக்காது. மொபைல் ஹோம் என்றால் கையில் இருக்கிற காசுக்கே கிடைக்கும். வாங்கட்டுமா?" பெற்றோர் என்ன பதில் சொல்வது? அதைத்தான் இந்த இதழில் பார்க்கிறோம்.

மொபைல் ஹோம் என்றதும் ஊர் ஊராகச் சுற்றும் வண்டி என்று நினைத்துவிட வேண்டாம். ஹால், சமையலறை, இரண்டு மூன்று படுக்கையறை எல்லாம் உள்ள முழு வீடுதான். தொழிற்சாலையில் செய்து, அடியில் இரும்புச் சட்டமும் சக்கரமும் பூட்டி, லாரியில் இழுத்து வந்து மனையில் இறக்குவார்கள். இறக்கிய வீடு பெரும்பாலும் அதற்குப் பிறகு நகர்வதே இல்லை. 1976 ஜூன் 15 முதல் இவ்வகை வீடுகளுக்கு அந்நாட்டு மத்திய அரசின் கட்டுமான விதிகள் உண்டு. இன்று சுமார் 2 கோடி பேர் இவற்றில் குடியிருக்கிறார்கள்.

2023ல் புதிய வீடு ஒன்றின் சராசரி விலை சுமார் 1,25,000 டாலர். பழையது இதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கிடைக்கும். இவ்வளவு மலிவாக இருப்பதற்குத் தொழிற்சாலை உற்பத்தி ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்த விலையில் நிலம் சேராது. பேரம் பேசும்போது பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

நிலம் சொந்தமாக இல்லாதவர்கள் 'பார்க்' என்று சொல்லப்படும் குடியிருப்பில் ஒரு மனையை மாத வாடகைக்கு எடுத்து, அதில் தங்கள் வீட்டை வைத்துக்கொள்கிறார்கள். மண் பார்க் முதலாளியுடையது. நம் ஊரில் இதற்கு அடிமனை வாடகை என்று பெயர். வக்ஃப் நிலத்திலும் கோயில் நிலத்திலும் சொந்தச் செலவில் வீடு கட்டி, மண்ணுக்கு மட்டும் வாடகை கட்டும் குடும்பங்களை நமக்குத் தெரியும். அவர்கள் வீட்டை விற்றால் கட்டடம்தான் கைமாறும், மண் மாறாது. விலையும் அதற்கேற்றபடிதான் இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் நாமாக வைத்துக்கொண்டவை. பழைய வீடு ஒன்றை 40,000 டாலர் ரொக்கம் கொடுத்து வாங்குகிறார். மனை வாடகை மாதம் 600 டாலர், வருடத்துக்கு 5 சதவீதம் ஏறுகிறது. பத்து வருடத்தில் வாடகை மட்டும் சுமார் 90,500 டாலர் ஆகும். பத்தாம் வருடத்தில் மாத வாடகை 930 டாலரைத் தொட்டிருக்கும். பிறகு வீட்டை 25,000க்கு விற்கிறார் என்று வையுங்கள். நிகரச் செலவு சுமார் 1,05,500 டாலர், அதாவது மாதத்துக்கு 880. வரி, காப்பீடு, பழுது எல்லாம் தனி. அதே பத்து வருடம் 1,400 டாலர் வாடகை அபார்ட்மெண்டில், வருடம் 3 சதவீத ஏற்றத்தோடு இருந்திருந்தால் 1,92,000 டாலருக்கு மேல் போயிருக்கும்.

ஆக, வாடகை வீட்டோடு ஒப்பிட்டால் லாபம்தான், அதுவும் சின்ன லாபமில்லை. ஆனால் இதைச் சொத்து சேர்ப்பது என்று நினைத்தால் கணக்கு தப்பிவிடும். வழக்கமாக விலை ஏறுவது மண்ணுக்குத்தான். மண் இல்லாத வீடு பெரும்பாலும் வாகனம்போல வருடா வருடம் மதிப்புக் குறையும். பல மாநிலங்களில் இதற்குக் காருக்குத் தருவதுபோன்ற உரிமைப் பத்திரம்தான் தருகிறார்கள்.

கடன் விஷயமும் இதை ஒட்டியதே. நிலம் இல்லாததால் வீட்டுக் கடன் கிடைப்பது அரிது. அசையும் பொருளுக்கான கடன்தான் கிடைக்கும். அதன் வட்டி, வீட்டுக் கடனைவிட அரை சதவீதம் முதல் 5 சதவீதம் வரை கூடுதல் என்று அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பின் 2014 அறிக்கை சொல்கிறது. 80,000 டாலரை 10 சதவீத வட்டிக்கு 20 வருடத்துக்கு எடுத்தால், கட்டி முடிக்கும்போது 1,85,000 டாலர் போயிருக்கும். வட்டி மட்டுமே ஒரு லட்சத்துக்கு மேல்! வட்டியிலிருந்து தப்புவதற்காகத்தானே பிள்ளை இந்த வழியைக் கேட்டான்? கடனுக்கு வாங்கினால் விற்பனையாளர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போட்டு, இன்னும் கனமான வட்டியில் போய் விழுவான். எனவே எங்கள் கருத்து, ரொக்கத்துக்கு வாங்க முடிந்தால் மட்டும் யோசிக்கலாம். (அதற்காகச் சேர்க்கும் பணம் நிஸாபை எட்டி ஒரு வருடம் கடந்தால் ஜகாத் உண்டு என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. வீட்டுக்குத்தானே என்று விட்டுவிட வேண்டாம்.)

வாடகை ஏறினால் வீட்டை வேறிடத்துக்கு இழுத்துப் போகலாமே என்பார்கள். சொல்வது எளிது. பிரித்து, ஏற்றி, இறக்கி, மறுபடி இணைப்புக் கொடுக்கப் பல ஆயிரம் டாலர் ஆகும். பெரிய வீடென்றால் 10,000த்தையும் தாண்டும். பழைய வீட்டை ஏற்க வேறு பார்க்குகள் தயங்கும். இது பார்க் முதலாளிக்கும் தெரியும். முதலீட்டு நிறுவனங்கள் பார்க்குகளை வாங்கி மனை வாடகையை ஏற்றுவது அங்கே பெரிய புகாராக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பிள்ளையிடம் சொல்ல வேண்டியது இது: வீட்டைப் பார்க்கும் முன் மனை ஒப்பந்தத்தைப் படி. எத்தனை வருடத்துக்கு, ஏற்றத்துக்கு வரம்பு உண்டா, பார்க்கை விற்றால் உன் நிலை என்ன, வீட்டை நீ விற்கும்போது வாங்குபவரை முதலாளி மறுக்கலாமா என்று கேள். மாதா மாதம் புதுப்பிக்கும் ஒப்பந்தம் என்றால் வேண்டாம். வீட்டின் வெளிச்சுவரில் அரசுச் சான்றான சிறிய சிவப்பு உலோகத் தகடு இருக்கிறதா என்று பார். 1976க்கு முந்தைய வீட்டில் அது இருக்காது, காப்பீடு கிடைப்பதும் கடினம். ஃபுளோரிடா போன்ற கடலோரம் என்றால் 1994க்குப் பிந்தைய வீடாக எடு. 1992ல் ஆண்ட்ரூ சூறாவளி இவ்வகை வீடுகளைச் சூறையாடிய பிறகுதான் காற்றைத் தாங்கும் விதிகளை இறுக்கினார்கள்.

கிராமப்புறத்தில் சின்ன மனை ஒன்றைச் சொந்தமாக வாங்கி அதில் இறக்க முடிந்தால் நிலைமையே வேறு. வாடகை இல்லை, வெளியேற்ற ஆளில்லை. பல மாநிலங்களில் அஸ்திவாரத்தில் நிறுத்தி, பத்திரத்தை அசையாச் சொத்தாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கிணறு, கழிவுநீர்த் தொட்டி, மின் இணைப்பு ஆகியவற்றின் செலவை முதலிலேயே கூட்டிக்கொள்ள வேண்டும். எங்கும் இவ்வகை வீட்டை அனுமதிக்கவும் மாட்டார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. 1984ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மெரடித் ஊரில் 13 குடும்பங்கள் கூட்டுறவாகச் சேர்ந்து தாங்கள் குடியிருந்த பார்க்கையே வாங்கின. இன்று குடியிருப்போரே உரிமையாளராக உள்ள பார்க்குகள் பல மாநிலங்களில் இருக்கின்றன. அங்கே மனை வாடகையைத் தீர்மானிப்பது குடியிருப்போர் கூட்டம்தான். அப்படியொன்று பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்தக் கூட்டுறவும் நிலத்தைக் கடன் வாங்கித்தான் வாங்கியிருக்கும் என்பதால், பங்கு சேர்வதற்கு முன் அங்குள்ள ஆலிம் ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் காட்டிக் கேட்டுக்கொள்ளட்டும்.