டர்போவா, சூப்பர்சார்ஜரா? மலை ஏறும் சின்னக் கார்களுக்கு ஒரு கணக்கு

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



சூப்பர்சார்ஜிங் என்றால் நமக்குப் பரீட்சையில் வரும் ஒரு சின்னக் கேள்வி. படம் போட்டு, பாகம் குறித்து, நாலு நன்மை எழுதினால் மார்க் கிடைத்துவிடும். ஆனால் என்னைப் போல மலையிலிருந்து படிக்க வந்தவர்களுக்கு அது தினசரிப் பிரச்சினை. கொடைக்கானலைத் தாண்டி பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி வழியாகப் போனால் எங்கள் போளூர். பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு மட்டுமில்லை, காய்ச்சல்காரரும் பிரசவக்காரரும் அந்த ரோட்டில்தான் போயாக வேண்டும். வண்டி "இழுக்குமா, இழுக்காதா" என்பதுதான் அங்கே முதல் கேள்வி. அதைப் பாடத்தோடு சேர்த்துப் பார்ப்போம்.

1. மலையில் எஞ்சின் ஏன் திணறுகிறது?

பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். பிஸ்டன் கீழே இறங்கும்போது உள்ளே வருவது வெளிக் காற்றின் அழுத்தத்தால்தான். கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் 101 கிலோபாஸ்கல். சுமார் 2100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் ஏறக்குறைய 78 தான். மலையில் குளிர் இருப்பதால் காற்று கொஞ்சம் அடர்த்தியாகி ஓரளவு ஈடு கட்டும். சமவெளியில் 30 டிகிரி, மலையில் 15 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போட்டால், 1 லிட்டர் காற்றின் எடை கீழே 1.16 கிராம், மேலே 0.94 கிராம். அதாவது ஐந்தில் ஒரு பங்கு காற்று காணாமல் போய்விடுகிறது. அதே அளவுக்குச் சக்தியும் போய்விடும். 100 குதிரைத்திறன் என்று விளம்பரத்தில் போட்ட வண்டி, மலையில் ஏறத்தாழ 80 தான் தரும்.

2. இரண்டும் எப்படி வேலை செய்கின்றன?

இரண்டுமே காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் கருவிகள். எதை வைத்துச் சுற்றுகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

சூப்பர்சார்ஜரை கிராங்க் ஷாஃப்ட் பெல்ட் மூலம் சுற்றும். எஞ்சின் சுற்றினால் அதுவும் உடனே சுற்றும், காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் சுற்றுவதற்கான சக்தியை எஞ்சினிடமிருந்தே எடுத்துக்கொள்ளும்.

டர்போசார்ஜரைச் சுற்றுவது புகைக்குழாயில் வீணாகப் போகும் சூடான வாயு. அந்த வாயு டர்பைனைச் சுற்ற, அதே தண்டில் உள்ள கம்பிரசர் காற்றை அமுக்கும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும். எரிபொருள் மிச்சம். ஆனால் எஞ்சின் மெதுவாக ஓடும்போது புகை குறைவு, எனவே டர்போ தூங்கிக்கொண்டிருக்கும். ஆக்சிலேட்டரை மிதித்த பிறகு அது விழித்து எழ நேரமாகும். இதைத்தான் டர்போ லேக் என்கிறோம்.

டர்போவுக்கு 1905-ல் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்து எஞ்சினியர் ஆல்ஃபிரட் பியூச்சி. அதன் அருமையைக் காட்டியது ஒரு மலைதான். 1918-ல் அமெரிக்காவில் சான்ஃபோர்டு மாஸ் என்பவர் ஒரு லிபர்ட்டி விமான எஞ்சினை சுமார் 4300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டுபோய் ஓட்டினார். கீழே சுமார் 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின் உச்சியில் 230 தான் தந்தது. டர்போ மாட்டியதும் 356 தந்தது!

3. நம் ஊர் உதாரணம்

சென்னைக்கு அருகே ஓரகடத்தில் 2010-ல் திறக்கப்பட்ட ரெனோ-நிசான் ஆலையில் மைக்ரா கார் செய்தார்கள். அதே மைக்ராவில் ஐரோப்பாவுக்குப் போனதில் சூப்பர்சார்ஜர் வைத்த 1.2 லிட்டர், 98 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின் 2011 முதல் கிடைத்தது. தேவையில்லாதபோது சூப்பர்சார்ஜரைக் கழற்றிவிட ஒரு கிளட்சும் உண்டு. நம் நாட்டில் விற்ற மைக்ராவிலோ சாதாரண பெட்ரோல், அல்லது டர்போ டீசல். பிறகு 2020-ல் வந்த மேக்னைட்டில் ஒரே 999 சி.சி. அளவில் இரண்டு எஞ்சின். சாதாரணமானது 72 குதிரைத்திறன், 96 நியூட்டன் மீட்டர். டர்போ வைத்தது 100 குதிரைத்திறன், 160 நியூட்டன் மீட்டர். ஆனால் அந்த 160 கிடைப்பது 2800 சுற்றில்தான் என்பதைக் கவனிக்கவும்.

4. கொண்டை ஊசி வளைவுக் கணக்கு

எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். எங்கள் சித்தப்பா இன்னும் இரண்டு பேரோடு காசு போட்டு, ஊருக்கும் கொடைக்கானலுக்கும் ஓட்ட ஒரு பழைய சின்னக் கார் வாங்கப் போகிறார். "நீதான் படிச்சிருக்கியே, எது வாங்கலாம்னு சொல்லுப்பா" என்றார். மூன்று குடும்பத்துச் சேமிப்பு. மழுப்பலாகப் பதில் சொல்ல முடியாது. எனவே கணக்குப் போட்டேன்.

ஆட்களோடு எடை 1400 கிலோ, ஏற்றம் 15-க்கு 1, வேகம் மணிக்கு 15 கி.மீ., சக்கர ஆரம் 0.29 மீட்டர், இரண்டாம் கீரில் மொத்த விகிதம் 8, முதல் கீரில் 15.5 என்று வைத்துக்கொள்வோம்.

ஏற்றத்தின் எதிர்ப்பு சுமார் 915 நியூட்டன், டயர் உருளும் எதிர்ப்பு 205. மொத்தம் 1120. இதற்கு இரண்டாம் கீரில் எஞ்சின் தர வேண்டிய டார்க் 45 நியூட்டன் மீட்டர். வளைவு முடிந்து கொஞ்சம் வேகம் எடுக்க வேண்டுமானால் 73. அப்போது எஞ்சின் சுற்று 1100 மட்டுமே.

சாதாரண எஞ்சின் அந்தச் சுற்றில் கீழே 80 தரும் என்று வைத்தாலும் மேலே 64 தான். போதாது. டர்போ எஞ்சினும் அந்த நேரம் தூக்கத்தில் இருப்பதால் அதே கதிதான். சூப்பர்சார்ஜர் மட்டும் உடனே தள்ளிவிடும். இந்த இடத்தில் ஜெயிப்பது அதுதான்.

ஆனால் முதல் கீருக்கு மாற்றினால்? தேவை 38 ஆகக் குறைகிறது, சுற்று 2100-ஐத் தாண்டுகிறது, டர்போவும் விழித்துக்கொள்கிறது. பழைய டிரைவர்கள் "வளைவுக்கு முன்னாடியே கீரைக் குறைச்சிடு" என்பதன் காரணம் இதுதான்.

5. உயரம் கூடினால்?

பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜர் ஒரே விகிதத்தில்தான் அமுக்கும். 1.5 மடங்கு என்றால் கீழே 152 கிலோபாஸ்கல், மேலே 117. மலை தின்றதை அது மீட்டுத் தராது. டர்போ அப்படியல்ல. வெளி அழுத்தம் குறைந்தால், கட்டுப்பாட்டு வால்வு அதிக வாயுவை டர்பைனுக்கு அனுப்பி வேகத்தைக் கூட்டும். அதன் எல்லைக்குள் இருக்கும்வரை கீழே இருந்த அழுத்தத்தையே மேலேயும் காக்க முடியும்.

6. முடிவு

இந்தக் கணக்குகளின்படி நான் சித்தப்பாவிடம் சொன்னது:

அ) கம்பெனியிலேயே டர்போ வைத்து வந்த சின்னக் கார், பெட்ரோலோ டீசலோ, நம் மலைக்குச் சரி. சூப்பர்சார்ஜர் உள்ள சின்னக் கார் நம் ஊர்ச் சந்தையில் கிடைப்பது அரிது, உதிரி பாகமும் கஷ்டம்.

ஆ) சாதாரணக் காரை வாங்கி வெளியில் டர்போ மாட்டும் யோசனை வேண்டாம். அமுக்க விகிதம், எரிபொருள் அளவு எல்லாம் மாற வேண்டும், இல்லையேல் எஞ்சின் தட்டி பிஸ்டன் போய்விடும். மேலும் மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை அப்படி மாற்ற விடாது.

இ) பழைய டர்போ வண்டி என்றால் ஆயிலை முதலில் பார்க்கவும். டர்போ தண்டு ஆயில் படலத்தின் மேல்தான் சுற்றுகிறது. தண்டில் ஆட்டம், நீலப் புகை இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடவும்.

ஈ) மலை ஏறி நின்றதும் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் சும்மா ஓட விடவும். இறங்கும்போது ஏறின கீரிலேயே இறங்கவும்.

நண்பர்களே, விளம்பரத்தில் உள்ள குதிரைத்திறன் பொய்யல்ல, ஆனால் அது சமவெளியின் கணக்கு. எந்த ஊரில், எந்தச் சுற்றில், எந்தக் கீரில் என்று கேட்டுப் பதில் சொல்வதுதான் நம் வேலை. நாளை நம்மை நம்பி ஒருவர் காசு போடும்போது, கையில் பேனாவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்வோம்.