தூக்கத்துக்கு மருந்து கேட்கும் முன்...

"டாக்டர், ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கம் கிடையாது. நல்லதா ஒரு சூரணம் கொடுங்களேன்!"

சித்த மருத்துவரிடம் இப்படிக் கேட்டு வருகிறவர்கள் நிறைய. நான் உடனே டப்பாவைத் திறப்பதில்லை. எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எப்போது எழுகிறீர்கள், பகலில் எவ்வளவு நேரம் கண் அசருகிறீர்கள் என்று கணக்குக் கேட்பேன்.

பலருடைய பிரச்னை இந்தக் கணக்கிலேயே பிடிபட்டுவிடும். வீட்டுப் பெரியவர் ராத்திரி எட்டரைக்கே படுத்துவிடுவார். "மூணரைக்கு முழிப்பு வந்துடுது, அப்புறம் தூக்கமே இல்லை" என்பார். எண்ணிப் பாருங்கள், 7 மணி நேரம் ஆகிவிட்டது! மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்ட ஒன்றரை மணி நேரக் குட்டித் தூக்கம் வேறு. இனி விடிகிற வரை புரண்டால் எங்கிருந்து தூக்கம் வரும்? இவர் பத்து மணிக்குப் படுத்தாலே பாதிக் குறை தீரும். பகல் தூக்கம் வேண்டுமென்றால் அரை மணிக்குள், மூன்று மணிக்கு முன்பாக முடித்துக்கொள்ளட்டும்.

அடுத்து காபி. டிகாஷனில் உள்ள காஃபினில் பாதி கழிய ஏறக்குறைய 5 மணி நேரம் பிடிக்கும். சாயங்காலம் ஐந்து மணிக்குக் குடித்ததில் பாதி, பத்து மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். டீயும் அப்படித்தான். "எனக்கு அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது" என்பவர்களிடம், பத்து நாள் மதியத்தோடு நிறுத்திப் பாருங்கள் என்பேன்.

பசி, தாகம், தும்மல் போல நித்திரையையும் 14 வேகங்களில் ஒன்றாகச் சித்த மருத்துவம் சொல்கிறது. அடக்கினால் உடம்புக்குக் கேடு. ஆனால் தும்மலை எப்படி முயற்சி செய்து வரவழைக்க முடியாதோ, தூக்கமும் அப்படித்தான். படுத்து இருபது நிமிஷம் போல ஆகியும் வரவில்லையா? எழுந்து வேறு அறையில், மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொக்கும்போது திரும்பப் படுங்கள். கடிகாரம் பார்க்க வேண்டாம், செல்போன் வேண்டவே வேண்டாம். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும்தான்! முதல் வாரம் கஷ்டமாக இருக்கும்.

கைவைத்தியம்? படுக்குமுன் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிஷம் கால் வைத்திருப்பது நல்லது. பாலில் ஜாதிக்காய்த் தூள் ஒரு சிட்டிகை போதும். அளவு மீறினால் படபடப்பு, மனக்குழப்பம் வரை கொண்டுபோய் விடும். அமுக்கரா சூரணம் நல்ல மருந்துதான். ஆனால் கர்ப்பிணிகள், தைராய்டு, கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் தாங்களாகவே வாங்கிச் சாப்பிடக் கூடாது. ஏற்கெனவே தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஒரு முறை ஒரு அம்மா வந்தார். கணவருக்குத்தான் மருந்து வேண்டுமாம். "ராத்திரி தூக்கம் சரியில்லை போலிருக்கு. ஆபீஸ்ல தூங்கி வழியறாராம். காலையில எழுந்தா தலைவலி." குறட்டை உண்டா என்றேன். "அதை ஏன் கேக்கறீங்க! நடுவுல சத்தமே நின்னுடும். அப்புறம் திக்குன்னு ஒரு மூச்சு விடுவார். பயந்துபோய் நான்தான் தட்டி எழுப்புவேன்."

நான் மருந்து கொடுக்கவில்லை. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும் கோளாறு இது. ராத்திரி முழுக்க மூளை அவரை எழுப்பிக்கொண்டே இருக்கும், அவருக்கு அது நினைவிருக்காது. இதைக் கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம் ஏறும். வண்டி ஓட்டும்போது கண் அயர்ந்துவிடும் ஆபத்தும் உண்டு. இப்படிப்பட்டவருக்குத் தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் தொண்டைத் தசை இன்னும் தளர்ந்து மூச்சடைப்பு அதிகமாகும். ஆஸ்பத்திரியில் தூக்கப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்தினார்கள். இப்போது காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் கருவியை முகத்தில் மாட்டிக்கொண்டு தூங்குகிறார். எடையும் குறைத்து வருகிறார். அந்த அம்மாவுக்கும் தூக்கம் திரும்பியிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி விட்டு விட்டுக் குறட்டை கேட்டால், செல்போனில் ஐந்து நிமிஷம் பதிவு செய்து காது மூக்கு தொண்டை நிபுணரிடமோ நுரையீரல் நிபுணரிடமோ போட்டுக் காட்டுங்கள். தூங்குகிறவர் "நானா, குறட்டையா?" என்றுதான் சொல்வார்.