என்றும் பிடித்த படம்: திருவிளையாடல்



"உனக்கு ரொம்பப் பிடிச்ச படம் எது?" என்று என் வகுப்புத் தோழர்களைக் கேட்டால், போன மாதம் வந்த படத்தின் பெயரைச் சொல்வார்கள். அடுத்த வருடம் கேட்டால் வேறு பெயர் வரும். என் பதில் மட்டும் மாறுவதே இல்லை: 'திருவிளையாடல்'. "அது தாத்தா காலத்துப் படமாச்சே!" என்று சிரிப்பார்கள். உண்மைதான். 1965-இல் வந்த படம். என் அப்பாவே அப்போது பிறக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் பாட்டி, அப்பா, நான் மூன்று பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே காட்சிக்குச் சிரிக்கும் படம் இது ஒன்றுதான். ஏன் இந்தப் படம் இன்னும் நிற்கிறது? இந்தப் பாடத்தில் அதைக் கொஞ்சம் ஆராய்ந்து பார்க்கலாம்.

படத்தைப் பற்றி

எழுதி இயக்கியவர் ஏ.பி.நாகராஜன். சிவபெருமானாக சிவாஜி கணேசன், பார்வதியாக சாவித்திரி, ஔவையாராக கே.பி.சுந்தராம்பாள், தருமியாக நாகேஷ். இசை கே.வி.மகாதேவன். பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தில், மதுரையில் சிவபெருமான் நடத்திய 64 திருவிளையாடல்கள் சொல்லப்படுகின்றன. தருமிக்குப் பொற்கிழி அளித்தது, விறகு விற்றது, வலை வீசியது ஆகியவை அவற்றில் சில. இவற்றோடு தட்சன் யாகக் கதையையும் சேர்த்து நான்கு கதைகளாகப் படத்தில் கோத்திருக்கிறார்கள். 2012-இல் டிஜிட்டல் முறையில் புதுப்பித்து மீண்டும் திரையரங்குகளில் வெளியிட்டார்கள்.

1. கோபக்காரப் பிள்ளைக்குச் சொன்ன கதை

நிறைய பேர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. இந்த நான்கு கதைகளும் யாருக்குச் சொல்லப்படுகின்றன? கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன ஒரு பிள்ளைக்கு!

மாம்பழக் கதை நமக்குத் தெரியும். முருகன் மயிலேறி உலகத்தைச் சுற்றி வருகிறார். விநாயகர் அம்மா அப்பாவைச் சுற்றிப் பழத்தை வாங்கிவிடுகிறார். "இது நியாயமே இல்லை" என்று முருகன் பழனிக்குப் போய்விடுகிறார். அங்கே வந்த பார்வதி, "பெரியவங்க சொன்னா கேட்டுக்கணும், பேசாம வா" என்று அதட்டவில்லை. உட்கார்ந்து கதை சொல்கிறாள். "உன் அப்பா எல்லோரிடமும் இப்படித்தான் விளையாடுவார், என்னிடமும் விளையாடியிருக்கிறார்" என்பதுதான் அந்தக் கதைகளின் சாரம்.

ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பத்துமலை 272 படி ஏறி நாம் கும்பிடுவது இந்த முருகனைத்தான். நியாயம் கேட்டுக் கோபித்துக்கொண்ட பிள்ளையைத் தெய்வமாக வைத்திருக்கும் சமயம் நம்முடையது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தெம்பு வரும்.

2. எதிராளியைச் சிறியவனாகக் காட்டாத படம்

சுமாரான படங்களில் கதாநாயகன் பெரியவனாகத் தெரிய வேண்டும் என்பதற்காக வில்லனை முட்டாளாக்கிவிடுவார்கள். இந்தப் படம் அப்படிச் செய்யவில்லை.

ஹேமநாத பாகவதர் (டி.எஸ்.பாலையா) ஆணவம் பிடித்தவர். பாண்டிய நாட்டையே பாட்டுப் போட்டிக்கு அழைக்கிறார். ஆனால் அவர் பாடும்போது நாம் கேட்பது பாலமுரளிகிருஷ்ணாவின் குரல்! கேட்பவருக்கே தெரியும், இந்த ஆள் சும்மா பெருமை பேசவில்லை, உண்மையிலேயே பெரிய வித்வான் என்று. அதனால்தான் பாணபத்திரரின் பயம் நமக்கும் தொற்றிக்கொள்கிறது. அன்றிரவு ஒரு விறகு வெட்டி வந்து, டி.எம்.சௌந்தரராஜனின் குரலில் பாடி, "பாணபத்திரர் என்னைச் சீடனாகச் சேர்க்க மறுத்துவிட்டார்" என்கிற மாதிரி பேசும்போது, பாலையாவின் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். ஒதுக்கப்பட்டவனே இப்படிப் பாடினால் குரு எப்படிப் பாடுவார்! பாகவதர் ஊரை விட்டே போய்விடுகிறார்.

திறமைக்குப் படம் மரியாதை கொடுக்கிறது. ஆணவத்தை மட்டும்தான் தோற்கடிக்கிறது. நான்கு ஏ வாங்கிவிட்டு நடக்கும்போது கால் தரையில் படாத நமக்கும் (நான் உட்பட!) இது நல்ல மருந்து.

3. நக்கீரர் ஏன் வாயை மூடவில்லை?

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டிய மன்னனுக்குச் சந்தேகம். தீர்த்து வைப்பவருக்கு ஆயிரம் பொன். ஏழைப் புலவன் தருமிக்குப் பாட்டு எழுத வராது, வறுமை மட்டும் நிறைய வரும். கோயிலில் புலம்புகிறான். இறைவனே புலவராக வந்து ஒரு பாட்டைக் கொடுக்கிறார். கொடுப்பதற்கு முன்னால் "நீ கேட்கிறாயா, நான் கேட்கட்டுமா" என்று ஒரு கேள்வி பதில் விளையாட்டு. தருமி கேள்வி கேட்கும் பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறான், அவனுக்குக் கேட்கத்தானே தெரியும்! நாகேஷின் அந்தப் பதற்றம் இன்றும் எங்கள் விடுதியில் தேர்வு நேரத்தில் எல்லோருக்கும் வரும்.

சபையில் நக்கீரர் அந்தப் பாட்டில் பொருட்குற்றம் இருக்கிறது என்கிறார். பூவாலும் தைலத்தாலும்தான் கூந்தல் மணக்கும் என்பது அவர் வாதம். எழுதியவரே நேரில் வந்து வாதாடுகிறார். நக்கீரர் அசையவில்லை. எதிரில் நிற்பவர் நெற்றிக்கண்ணைத் திறந்த பிறகும், குற்றம் குற்றம்தான் என்று நிற்கிறார். எரிந்து போகிறார்.

இங்கே மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று: எரித்த இறைவனே நக்கீரரை மீண்டும் எழுப்புகிறார். இது உன் புலமையைச் சோதிக்க நான் ஆடிய விளையாட்டு என்கிறார். (புராணத்தில் நக்கீரர் பொற்றாமரைக் குளத்திலிருந்து கரையேறுவது தனிப் படலமாகவே வரும்.)

இரண்டு: நக்கீரர் தருமியைக் கேலி செய்யவில்லை. பாட்டைத்தான் குறை சொன்னார். எல்லாம் முடிந்ததும் அந்தப் பரிசைத் தருமிக்கே கொடுக்கச் சொல்கிறார். கருத்தோடு மோதினார், ஆளோடு மோதவில்லை.

மூன்று: நக்கீரராக நடித்தவர் ஏ.பி.நாகராஜனே! படத்தின் வசனம் முழுக்க அவர் கையில். தனக்கென்று அவர் எடுத்துக்கொண்ட வேடம், இறைவனையே எதிர்த்துப் பேசும் வேடம்.

தட்சன் யாகக் கதையிலும் இதே அமைப்புதான். நான் இல்லாமல் நீங்கள் இல்லை என்று தாட்சாயணி வாதாடுகிறாள். கோபத்தில் எரிக்கிறார், தாண்டவம் ஆடுகிறார். கடைசியில் அவளை உயிர்ப்பித்து, சிவமும் சக்தியும் ஒன்றுதான் என்று ஏற்கிறார். அதாவது, அவள் சொன்னதுதான் சரி!

இது நமக்கு எதற்கு?

நான் பொறியியல் படிக்கிறேன். எங்கள் பாடத்தில் சேலஞ்சர் விண்கலத்தைப் பற்றிப் படித்தோம். 1986 ஜனவரி 28-ஆம் தேதி, புறப்பட்ட 73 வினாடிகளில் அது சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். முந்தைய இரவே பொறியாளர்கள் எச்சரித்திருந்தார்கள்: இந்தக் குளிரில் ராக்கெட்டின் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது, ஏவ வேண்டாம் என்று. மேலதிகாரிகள் கேட்கவில்லை. அன்று நக்கீரர்கள் இருந்தார்கள். கேட்கத்தான் ஆளில்லை. அந்தப் பாடத்தின்போது எனக்கு இந்தப் படம்தான் நினைவுக்கு வந்தது.

நம் வீட்டிலும் இது நடக்கிறது. சிறு வயதில் கேள்வி கேட்டால் "சாமி கண்ணைக் குத்தும்" என்பார்கள். என் நண்பன் ஒருவன் சமய வகுப்பில் "ஏன் இப்படிச் செய்கிறோம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். பதில் வரவில்லை, திட்டுதான் வந்தது. இப்போது அவன் கோயில் பக்கமே வருவதில்லை. அவனுக்கு நம்பிக்கை இல்லாமல் போனது கேள்வி கேட்டதால் அல்ல. கேட்டது தப்பு என்று சொன்னதால். அவன் மாதிரி இன்னும் எத்தனை பேர்? இந்த இதழைப் படிக்கும் நாம்தான் நாளைக்கு வகுப்பு எடுக்கப் போகிறோம், தம்பி தங்கைகளுக்குப் பதில் சொல்லப் போகிறோம். தெரியாவிட்டால் "தெரியலை, சேர்ந்து தேடலாம் வா" என்றாவது சொல்லலாமே.

ஒரு படம் நிலைப்பதற்கு நடிப்பும் இசையும் வேண்டும். இதில் இரண்டும் நிறைய இருக்கின்றன. ஆனால் இது நிலைத்ததற்கு என் கணிப்பில் இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் படத்தில் யாரும் பயந்து கும்பிடவில்லை. தருமி புலம்புகிறான், நக்கீரர் வாதாடுகிறார், முருகன் கோபிக்கிறார், தேவி உரிமையோடு சண்டை போடுகிறாள். எல்லோரும் கடைசியில் இறைவனுக்கு முன்னைவிட நெருக்கமாகிறார்கள். உரிமை இருக்கும் இடத்தில்தான் சண்டை வரும். அந்த உரிமை பழசாவதே இல்லை.

சிந்திக்க, கலந்து பேச

1. நக்கீரர் மன்னிப்புக் கேட்கிறார். அப்படியென்றால் அவர் சொன்ன கருத்து தவறா, சரியா? உங்கள் காரணம் என்ன?
2. மூத்தவர் ஒருவர் தவறாகச் சொல்கிறார் என்று உறுதியாகத் தெரிந்தால், மரியாதை குறையாமல் எப்படிச் சொல்வீர்கள்?
3. தருமிக்குப் பரிசு கிடைத்தது நியாயமா?
4. உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து படத்தை ஒருமுறை பாருங்கள். அவர்களுக்குப் பிடித்த காட்சி எது, ஏன் என்று கேளுங்கள். அடுத்த வகுப்பில் வந்து சொல்லுங்கள்.

கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள். அன்பே சிவம்.