பொத்தானை அழுத்திக் கியர் மாற்றலாமா? – இருசக்கர வண்டி வைத்துள்ள வணிகர்களுக்கு ஒரு பாடம்



பருப்பு, புளி, மிளகாய் பற்றி எழுத வேண்டிய இதழில் மோட்டார் சைக்கிள் கியரைப் பற்றி இவர் ஏன் எழுதுகிறார் என்று சிலர் நினைக்கலாம். கடையில் கல்லாப்பெட்டி எப்படியோ, அப்படித்தான் இன்று நமக்கு இருசக்கர வண்டியும். கொள்முதலுக்கும் வசூலுக்கும் அதில்தான் போகிறோம். அரை மூட்டை அரிசியை வாடிக்கையாளர் வீட்டில் இறக்குவதற்கும் அதுதான். ஆகவே அந்த வண்டியைப் பற்றித் தெரிந்துகொள்வதும் வியாபாரத்தில் சேர்ந்ததே.

எலவனாசூர்கோட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்துவருகிறேன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நம்மில் பலருக்கும் இருப்பதுபோல எனக்கும் சர்க்கரை நோய் உண்டு. இடது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே ஒரு புண் வந்து ஆறாமல் இழுத்தது. "அந்த இடத்தில் அழுத்தம் படக்கூடாது" என்றார் மருத்துவர். என்னிடம் இருந்ததோ பழைய 100 சி.சி. வண்டி. முன்பாதத்தால் அழுத்தினால் மேல் கியர், குதிகாலால் அழுத்தினால் கீழ் கியர். கடைத்தெருவுக்குள் நான்கு தெரு சுற்றிவந்தால் ஐம்பது முறையாவது அந்தப் புண் மேலேயே அழுத்தியாக வேண்டும்.

அப்போதுதான் என் தங்கை மகன் வந்து, "மாமா, வெளிநாட்டில் கைப்பிடியில் பொத்தான் வைத்து, விரலால் அழுத்தியே கியர் மாற்றுகிறார்கள். இங்கேயும் பொருத்தித் தருகிறார்கள்" என்றான். முழுதாக விசாரிக்காமல் பணத்தைக் கொடுத்தேன். அதன் பலனைப் பின்னால் சொல்கிறேன். முதலில் பாடம்.

கியர் மாறும்போது நடப்பது என்ன?

மூட்டை கட்டிய கயிறு விறைப்பாக இழுபட்டிருக்கும்போது முடிச்சை அவிழ்க்க முடியாது. கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினால் முடிச்சு தானாக இளகும். கியரும் அப்படித்தான். எஞ்சினின் பலம் சக்கரத்தை இழுத்துக்கொண்டிருக்கும்போது பற்சக்கரங்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கும். அந்தப் பிடியைத் தளர்த்தினால்தான் ஒன்றிலிருந்து விலகி மற்றொன்றில் போய்ச் சேரும்.

ஆக, ஒரு கியர் மாற்றத்தில் மூன்று வேலைகள் உண்டு. வலது கை ஆக்சிலேட்டரைக் குறைக்கிறது. இடது கை கிளட்சைப் பிடித்து எஞ்சினையும் சக்கரத்தையும் பிரிக்கிறது. இடது கால் நெம்பை அழுத்துகிறது. பொத்தான் வைத்த வண்டி என்று யாராவது சொன்னால், "இந்த மூன்றில் எந்த வேலையைப் பொத்தான் செய்கிறது?" என்று கேளுங்கள். இந்தப் பாடத்தின் சாரம் இந்த ஒரு கேள்விதான்.

பொத்தான் கியர் பிறந்த இடம்

இது சாலைக்காகப் பிறந்த பொருள் அல்ல. கால் மைல், அதாவது சுமார் 400 மீட்டர் தூரத்தை நேர்க்கோட்டில் மின்னல் வேகத்தில் ஓடிக் கடக்கும் பந்தயங்களில் பயன்பட்டது. பொத்தானை அழுத்தியதும் அடைத்து வைத்த காற்றின் வேகமோ மின்காந்தமோ கியர் நெம்பைத் தள்ளும். அதே கணத்தில் எஞ்சினின் தீப்பொறி கண்ணிமைக்கும் நேரம் நின்று வரும். அந்தச் சிறு இடைவெளியில் பற்சக்கரம் தளர்ந்து, கிளட்ச் பிடிக்காமலே அடுத்த கியர் விழும்.

பந்தயத்தில் மேல் கியருக்கு ஏறுவது மட்டும்தான் கணக்கு. கடைத்தெருவில் நமக்கு அதற்கு நேர் எதிரான வேலை. மாடு குறுக்கே வரும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடப்பார்கள், பேருந்து திடீரென்று நிற்கும். கியரைக் குறைக்க வேண்டும், நியூட்ரலுக்கு வர வேண்டும், மறுபடி முதல் கியரில் மெதுவாக நகர வேண்டும். மெதுவான ஓட்டத்தில் தீப்பொறியை மட்டும் வெட்டிக் கியர் மாற்றினால் வண்டி குலுங்கும். நின்று கிளம்புவதற்கோ கிளட்ச் இல்லாமல் முடியாது. தனியாக வாங்கிப் பொருத்தும் பொத்தான் காலின் வேலையைத்தான் எடுத்துக்கொள்கிறது. கையின் வேலை அப்படியே நிற்கும்.

மின்காந்தம் நெம்பைத் தள்ளும் அந்த ஒரு நொடியில் மிக அதிக மின்சாரம் இழுக்கும் என்பதும் கவனிக்க வேண்டியது. நம் சிறிய வண்டிகளின் பேட்டரி அதற்காகச் செய்யப்பட்டது அல்ல.

என் அனுபவம்

பொருத்தியவரின் பெயரோ ஊரோ வேண்டாம். முதல் சில நாட்கள் நன்றாகவே ஓடியது. கால் வலியில்லாமல் போய்வந்தேன். ஒரு நாள் மாலை பின்னால் 25 கிலோ துவரம் பருப்பு மூட்டை. முகப்பு விளக்கு எரிகிறது, ஹாரனும் அடித்தபடி வருகிறேன். கடைத்தெரு முக்கில் வேகம் குறைத்துக் கீழ் கியர் பொத்தானை அழுத்தினேன். பேட்டரி தளர்ந்திருந்ததால் நெம்பு பாதிதான் நகர்ந்தது. இரண்டு கியருக்கும் நடுவில் நின்றுவிட்டது. எஞ்சின் வெறுமனே உறுமியது, வண்டி இழுக்கவில்லை. பின்னால் லாரி. பதறிப்போய் மறுபடி அழுத்தினேன். இப்போது கியர் விழுந்தது. நான் கிளட்சைச் சட்டென்று விட்டதும் வண்டி எகிறியது. மூட்டை விழுந்து வாய் பிளந்தது. நானும் சாய்ந்தேன். லாரி ஓட்டுநர் கெட்டிக்காரர், நிறுத்திவிட்டார்.

தெருவில் கொட்டிய பருப்பை என்னால் திரும்ப விற்க முடியவில்லை. அந்த நட்டத்தைக் கணக்கில் எழுதிவிடலாம். லாரி நிற்காமல் இருந்திருந்தால் எழுத ஆள் இருந்திருக்க மாட்டேன்.

கம்பெனியே செய்து தருபவை

தொழிற்சாலையிலேயே பொத்தானுடன் வடிவமைத்த வண்டிகள் வேறு ரகம். யமஹா நிறுவனம் 2006இல் எஃப்.ஜே.ஆர். 1300 வண்டியில் கிளட்ச் பிடியையே எடுத்துவிட்டு, விரலாலும் காலாலும் கியர் மாற்ற வழி செய்தது. ஹோண்டா 2010இல் வி.எஃப்.ஆர். 1200 வண்டியில் இரட்டைக் கிளட்சைக் கொண்டுவந்தது. ஒரு கிளட்ச் 1, 3, 5 கியர்களுக்கு. மற்றொன்று 2, 4, 6 கியர்களுக்கு. அடுத்த கியர் முன்கூட்டியே தயாராக நிற்பதால் குலுக்கல் தெரிவதில்லை. தானாகவும் மாறும், பொத்தானாலும் மாற்றலாம். ஹோண்டாவின் ஆப்பிரிக்கா ட்வின் வண்டி இந்த ஏற்பாட்டுடன் 2017இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. விலை பத்து லட்சத்துக்கு மேல்! 2024இல் யமஹாவும் எம்.டி. 09 வண்டியில் விரல்நுனிக் கியரைக் கொண்டுவந்தது. இவற்றில் மூன்று வேலைகளையும் எந்திரமே ஒன்றுசேர்த்துச் செய்கிறது. அதனால்தான் சாலைக்கு ஏற்றவையாக இருக்கின்றன. அதனால்தான் விலையும் நம் கைக்கு எட்டாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. "கிளட்ச் பிடிக்க வேண்டாம்" என்றால் "காலால் அழுத்த வேண்டாம்" என்று பொருள் அல்ல. ஹோண்டா 2024இல் கொண்டுவந்த மின்னணுக் கிளட்சில் கைக்கு ஓய்வு உண்டு. கியரைக் காலால்தான் மாற்ற வேண்டும். டி.வி.எஸ். 2009இல் கொண்டுவந்த ஜைவ் வண்டியும் அப்படியே. கிளட்ச் பிடி இல்லை, கால் நெம்பு உண்டு. அது சந்தையில் நெடுநாள் நிற்கவில்லை. கால் புண்ணுள்ளவர் இவற்றை வாங்கினால் ஏமாந்துபோவார்.

சிறு வியாபாரிக்குக் கிடைத்த விடை

1958இல் ஜப்பானில் ஹோண்டா சூப்பர் கப் வண்டியைச் செய்தபோது, சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் கடைப்பையன் ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்ட வேண்டும் என்று நினைத்துத்தான் இடது கைக் கிளட்சை எடுத்தார்கள். 2017க்குள் அந்த வரிசையில் 10 கோடி வண்டிகள் வெளிவந்துவிட்டன. கடைக்காரனின் கையைப் பார்த்துச் செய்த பொருள் விலைபோகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் நாட்டிலும் கையால் மாற்றும் கியர் புதிதல்ல. 1972இல் வந்த பஜாஜ் சேத்தக்கில் இடது கைப்பிடியைத் திருகித்தானே நம் தலைமுறை கியர் மாற்றியது! காலுக்கு வேலையில்லை, ஆனால் மணிக்கட்டு வலிக்கும். 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. 1984இல் கியரே மாற்ற வேண்டாத கைனடிக் ஹோண்டா வந்தது. 2015இல் எக்ஸ்.எல். 100 வந்தது. அதே சேத்தக் என்ற பெயரில் 2020இல் வந்தது மின்சார ஸ்கூட்டர். அதில் மாற்றுவதற்குக் கியரே கிடையாது. கியரை எந்த விரலால் மாற்றுவது என்று யோசிப்பதைவிட, மாற்ற வேண்டிய தேவையையே எடுத்துவிடுவதுதான் சிறு வியாபாரிக்கு மலிவான விடை.

ஆனால் ஒன்று. நம் பக்கம் கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குச் சரக்கோடு ஏறி இறங்குபவர்கள் கவனிக்க வேண்டும். கியர் வண்டியில் இறக்கத்தில் சிறிய கியரில் வைத்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். கியரில்லாத வண்டியில் அந்தப் பிடி குறைவு. வேகம் மிகவும் குறைந்தால் அதன் கிளட்ச் தானே விலகிவிடும். முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடேறினால் பிடிக்காது. மலைக்குப் போனால் சுமையைக் குறையுங்கள். இறக்கத்தில் இடையிடையே நின்று பிரேக்கை ஆறவிடுங்கள்.

சட்டம்

பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவு தடை விதிக்கிறது. உடல் ஊனமுற்றோருக்கு ஏற்றபடி வண்டியை மாற்ற அனுமதி பெறும் வழி உண்டு. அப்படித் தேவையுள்ளவர்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே கைவைக்க வேண்டும். கேட்காமல் செய்துவிட்டு விபத்தானால் காப்பீட்டிலும் கேள்வி வரும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. ஆக்சிலேட்டர், கிளட்ச், கியர் நெம்பு ஆகிய மூன்றில் எதை எந்திரம் செய்கிறது, எது நம் தலையில் நிற்கிறது என்று கேளுங்கள்.
2. பேட்டரி தளர்ந்தால் கியர் என்னாகும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வாங்காதீர்கள்.
3. வாங்குமுன் வெறும் வண்டியில் ஓட்டிப் பார்த்தால் போதாது. நீங்கள் ஏற்றும் மூட்டையோடு ஓட்டிப் பாருங்கள்.
4. சர்க்கரை நோயுள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்வு குறையும். நெம்பு எவ்வளவு அழுத்துகிறது என்று தெரியாது. வீட்டுக்கு வந்ததும் பாதத்தைப் பாருங்கள்.

நான் அந்தப் பொத்தானைக் கழற்றிவிட்டேன். பழைய வண்டியை விற்று ஒரு எக்ஸ்.எல். வாங்கினேன். சில மாதங்களில் புண் ஆறியது. இந்த வயதில் மொபெட்டா என்று கேட்டவர்களும் உண்டு. சரக்கு சிந்தாமல் வீடு வந்து சேர்கிறது, நானும் வந்து சேர்கிறேன் என்று அவர்களுக்குச் சொன்னேன். எந்தப் பொருளையும் தட்டிப் பார்த்து வாங்கும் நாம், நம் உயிரை ஏற்றிப்போகும் வண்டியையும் தட்டிப் பார்த்தே வாங்குவோம்.