கதவு பூட்டியிருந்தது

அன்புள்ள தம்பிக்கு,

பணம் அனுப்ப செல்போன் இருக்கிறது, பார்சல் கொண்டுவர கூரியர் இருக்கிறது, அப்புறம் கும்மிடிப்பூண்டியைச் சுற்றி இத்தனை கிளை அஞ்சலகங்கள் எதற்கு என்று கேட்டிருந்தாய். உன் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. நலம் விசாரிக்கும் கடிதம் ஏறக்குறைய நின்றுவிட்டது. தந்தி 2013 ஜூலையோடு போயிற்று. அதற்கெல்லாம் ஒப்பாரி வைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் இன்றைய தபால் பையில் என்ன இருக்கிறது என்று பார். ஏ.டி.எம் கார்டு, ஆதார், பான் கார்டு, பாஸ்போர்ட், நீதிமன்ற சம்மன், வக்கீல் நோட்டீஸ், கம்பெனி அனுப்பும் வேலைநீக்கக் கடிதம். உரியவர் கையில் போய்ச் சேராவிட்டால் ஒருவருடைய பிழைப்பே தடுமாறும் காகிதங்கள் இவை. இத்தகைய தபால் அதிகம் வருவது, ஆட்கள் அடிக்கடி வீடு மாறும் தொழிற்பேட்டைப் பகுதிக்குத்தான். ஆகவே கிளை அஞ்சலகம் அங்கே அவசியம் என்கிறேன். ஆனால் அது இன்று உழவுக் கிராமத்துக்கு வகுத்த நேரத்தில் இயங்குகிறது. மாற வேண்டியது அந்த நேரம்தான்.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள். தலைமை அஞ்சலகம், அதன் கீழ் துணை அஞ்சலகங்கள், அவற்றின் கீழ் கிளை அஞ்சலகங்கள் என்று மூன்று அடுக்கு. நாட்டில் உள்ள ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்களில் பத்தில் ஒன்பது கிராமப்புறத்தில் இருக்கின்றன, பெரும்பாலானவை கிளைகள். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. அதை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். ஒரே பெயரில் பல ஊர்கள், ஆளுக்கொரு மொழி, ஆளுக்கொரு எழுத்து என்ற குழப்பத்தை ஆறு இலக்கங்கள் தீர்த்தன. தபால்துறையின் வரைபடம் கலெக்டர் ஆபீஸ் வரைபடத்தோடு ஒத்துப்போகாது. திருவள்ளூர் என்ற ஒரே மாவட்டத்தில் பொன்னேரி 601204, திருவள்ளூர் நகரம் 602001, திருத்தணி 631209. மாவட்டம் உருவானது 1997-இல், எண்கள் அதற்கு முன்பே வந்துவிட்டவை. சரி, கும்மிடிப்பூண்டிக்கு 601201 என்று போட்டால் கடிதம் அங்கே வந்துவிடும். ஆனால் நகரம், சிப்காட் தொழிற்பேட்டை, சுற்றுக் கிராமங்கள் பல என எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஒரே எண்தான். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து, கதவு எண் இல்லாத லைன் வீட்டில் நாலு பேரோடு தங்கியிருக்கும் தொழிலாளியை அந்த எண் கண்டுபிடிக்காது. அந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு ஊரை அறிந்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை வைத்திருப்பது கிளை அஞ்சலகம்.

இப்போது சட்டத்துக்கு வா. 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம், 27-ஆம் பிரிவு. சரியான முகவரி எழுதி, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் ஒன்றை அனுப்பிவிட்டால், வழக்கமாகப் போய்ச் சேர வேண்டிய நேரத்தில் அது சேர்ந்துவிட்டதாகவே கொள்ளப்படும். சேரவில்லை என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பு பெறுநருடையது. ‘வாங்க மறுத்தார்’, ‘கதவு பூட்டியிருந்தது’ என்ற குறிப்போடு திரும்பிப்போன நோட்டீஸ்களும் சேர்ந்தவையே என்று நீதிமன்றங்கள் கருதுகின்றன. செக் மோசடி வழக்கில் இதை உச்ச நீதிமன்றம் 2007-இல் ஆலவி ஹாஜி வழக்கில் உறுதிப்படுத்தியது. வேண்டுமென்றே தபாலைத் தட்டிக்கழிக்கும் கடனாளியைப் பிடிக்க அந்த விதி தேவைதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காலை ஷிப்டுக்குப் போயிருப்பவன் வீட்டுக் கதவும் பூட்டித்தான் இருக்கும். தட்டிக்கழிப்பவனையும் உழைக்கப் போனவனையும் அந்த இரண்டு சொற்கள் பிரித்துக் காட்டுவதில்லை. அறிவிப்புச் சீட்டு போட்டுவிட்டு, தபாலை ஏழு நாள் வைத்திருந்து திருப்பி அனுப்புவார்கள். அந்த ஏழு நாளில் அவன் போய் வாங்கலாமே என்பாய். கிளை அஞ்சலகத்தை நடத்துபவர் கிராம அஞ்சல் ஊழியர். அவருக்கு நாளொன்றுக்கு நான்கு அல்லது ஐந்து மணி நேர வேலை, அதுவும் பகலில். காண்ட்ராக்ட் தொழிலாளி அரை நாள் லீவு போட்டால் அரை நாள் கூலி போகும்.

கிளை திறப்பதற்கான விதியிலும் அதே பழைய உழவுக் கிராமம்தான் தெரிகிறது. சமவெளிப் பகுதியில் சுமார் 3,000 மக்கள் இருக்க வேண்டும், பக்கத்து அஞ்சலகத்திலிருந்து குறைந்தது 3 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும், செலவில் மூன்றில் ஒரு பங்காவது வருமானமாக வர வேண்டும். கிராமத்துக்கு இது நல்ல விதி. நஷ்டத்தை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதிய விதி என்பதால் எனக்கு அதில் மரியாதையும் உண்டு. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கடைசியாக முழுதாக நடந்தது 2011-இல். அதற்குப் பிறகு ஒரு சிற்றூரில் முளைத்த வாடகை அறைகள் எந்தக் கணக்கிலும் இல்லை.

செல்போன் போதும் என்ற உன் வாதத்துக்கு வருகிறேன். பணம் அனுப்ப அது போதும், ஒப்புக்கொள்கிறேன். 2018 செப்டம்பரில் தொடங்கிய அஞ்சலகப் பேமெண்ட்ஸ் வங்கியே செல்போனை நம்பித்தான் ஓடுகிறது. தபால்காரரின் கருவியில் விரலை வைத்துப் பணம் எடுக்கவும் முடியும். ஆனால் சம்மன் செல்போனுக்கு வந்தாலும் வழக்கில் பேசப்படுவது பெரும்பாலும் தபால் சான்றுதான். கூரியர் கொண்டு வரட்டும் என்றால், கூரியருக்கு லாபம் தராத பின்கோடைத் தவிர்க்கும் உரிமை உண்டு. தபால்துறைக்கு அந்த வசதி கிடையாது. 2025 செப்டம்பரிலிருந்து பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்டோடு இணைத்துவிட்டார்கள். ஓ.டி.பி சொல்லி வாங்கும் ஏற்பாடும் வந்திருக்கிறது. தவறான ஆளிடம் தபால் போகாமல் அது காக்கும். ஆள் வீட்டில் இல்லாத சிக்கலை அது தொடுவதில்லை.

வலுவான ஆட்சேபம் செலவு பற்றியது. தபால்துறை ஆண்டுதோறும் பல ஆயிரம் கோடி பற்றாக்குறையில் ஓடுகிறது. இன்னும் நேரம் நீட்டினால் யார் தலையில் ஏறும்? போதாததற்கு, கிராம அஞ்சல் ஊழியர் முழு அரசு ஊழியர் அல்லர். கிளை போஸ்ட்மாஸ்டருக்குத் தொடக்க ஊதியம் 12,000 ரூபாய், உதவியாளருக்கு 10,000. அவர்களை ராத்திரியிலும் உட்கார வைப்பது அநியாயம். இதற்கு என் பதில், நேரத்தைக் கூட்ட வேண்டாம், இடம் மாற்றினால் போதும் என்பது. அதே நான்கைந்து மணி நேரத்தில் இரண்டை மாலை ஆறிலிருந்து எட்டுக்கு, வாரத்தில் மூன்று நாள், ஷிப்ட் முடியும் பகுதிகளில் மட்டும். சில ரயில்வே மெயில் சர்வீஸ் (ஆர்.எம்.எஸ்) அலுவலகங்களில் இரவிலும் தபால் வாங்குகிறார்கள். அனுப்புபவருக்குத் தந்த வசதியைப் பெறுபவருக்கும் தரலாம். ஊழியர் வீட்டிலோ வாடகை அறையிலோ நடக்கும் கிளைக்குப் புதுக் கட்டடமும் வேண்டியதில்லை. மாலையில் பணப்பெட்டிக்குப் பாதுகாப்பு என்ன என்று கேட்டால், அந்த இரண்டு மணி நேரம் பணப் பரிமாற்றம் வேண்டாம், நிறுத்திவைத்த தபாலை மட்டும் கொடுக்கட்டும்.

உன் ஊர் நண்பர்கள் மனு எழுதுவதாகச் சொன்னாய். தபால்துறையில் ‘டாக் அதாலத்’ என்ற குறைதீர் கூட்டம் உண்டு, மனுவை அதற்கு அனுப்பு. புதிய அஞ்சலகம் வேண்டும் என்று எழுதாதே, மக்கள்தொகை விதியைக் காட்டித் திருப்பிவிடுவார்கள். உங்கள் கிளையிலிருந்து ஓராண்டில் ‘கதவு பூட்டியிருந்தது’ என்று திரும்பிப்போன பதிவுத் தபால்கள் எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் முதலில் கேள். 10 ரூபாய்தான் கட்டணம். அந்த எண் கைக்கு வந்த பிறகு மனுவை எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்