பிரெஞ்சு அறிந்தோர்க்கு ஆங்கிலக் கூட்டுவினைகள்

பிரான்சில் வளர்ந்து இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த தமிழர்க்கு ஆங்கிலக் கடிதங்களில் இடறலாவன நீண்ட சொற்களல்ல. அவற்றுட் பல பிரெஞ்சிலும் உள்ளவையே. இடறுபவை சிறுசொற்கள். பிரெஞ்சில் 'மோன்தே' என்னும் ஒரே வினை ஏறுதலைக் குறிக்கும். ஆங்கிலத்தில் 'கோ' என்பதோடு 'அப்' சேர வேண்டும். சந்திப்பு 'புட் ஓஃப்' எனில் ஒத்திவைப்பு. 'கோல் ஓஃப்' எனில் இரத்து. விண்ணப்பம் 'டேர்ண்ட் டவுண்' எனில் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீட்டுக் காலம் அக்கடிதத் திகதியிலிருந்தே ஓடத் தொடங்கலாம். ஆயினும் 'ஃபில் இன்', 'ஃபில் அவுட்' இரண்டும் படிவத்தை நிரப்புதலையே குறிக்கும். இதற்கு நியாயம் தேடிப் பயனில்லை. 'விட்டுக்கொடு' என்பதைப் பகுத்துப் பொருள் கொள்வாரில்லை. இவற்றையும் அவ்வாறே முழுமையாகக் கற்றல் நன்று. தொலைபேசியில் ஐயம் எழுந்தால், 'ரெஃப்யூஸ்' செய்யப்பட்டதா எனக் கேட்கலாம். அச்சொல் பிரெஞ்சிலும் உண்டு.